கண்டேன் கமலாவை!

அமெரிக்காவுக்கு வருகிற உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரு பட்டியலோடுதான் வருகிறார்கள். நயாகரா, கிராண்ட் கேன்யன், நியூயார்க் சுதந்திர தேவி, முடிந்தால் டிஸ்னி. அந்தப் பட்டியலில் ஒன்று விடுபட்டுப் போகிறது. நான்கு வருடத்துக்கு ஒருமுறைதான் வரும், நான்கு நாளில் முடிந்துவிடும். அதிபர் வேட்பாளரை அறிவிக்கும் கட்சி மாநாடு. 2024 ஆகஸ்ட் 19 முதல் 22 வரை சிகாகோவில் ஜனநாயகக் கட்சி நடத்திய மாநாட்டுக்குள் உட்கார்ந்து பார்த்தவள் என்ற தெம்பில் சொல்கிறேன்: நயாகரா எங்கேயும் ஓடிவிடாது, முதலில் இதைப் பாருங்கள்.

நான் இருப்பது சிகாகோவுக்கு மேற்கே, நேப்பர்வில் பக்கம். மாநாட்டுக்குத் தொண்டர்கள் வேண்டும் என்றார்கள், பெயர் கொடுத்தேன். கிடைத்தது ஒன்றும் பெரிய பொறுப்பில்லை. பகலில் மெக்கார்மிக் பிளேஸ் என்ற பிரம்மாண்டமான கண்காட்சி வளாகத்தில் நின்று, கழிப்பறை எந்தப் பக்கம், ஆசிய அமெரிக்கர் அணிக் கூட்டம் எந்த மாடி என்று கை காட்டும் வேலை. பகல் கூட்டங்கள், பயிலரங்குகள், டி-சர்ட் கடைகள் எல்லாம் அங்கே. இரவுக் கச்சேரி யுனைட்டெட் சென்டரில். அதற்குள் நுழைய வேறு அட்டை வேண்டும். அந்த அட்டையும் தினம் மாறும்.

அதற்குத் தெய்வமாக வந்தவர் எங்கள் ஊர்த் தோழி, ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. மாநாட்டில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் இலினாய் மாநிலப் பிரதிநிதிகளில் ஒருவர். இங்கே பிரதிநிதியின் பெயரே வாக்குச்சீட்டில் அச்சாகி வரும், அவர் யாருக்காக நிற்கிறார் என்பதும் பக்கத்திலேயே இருக்கும். மார்ச் 19 அன்று நடந்த, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் பிரைமரி தேர்தலில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பைடன் என்று இருந்தது. நானும் அந்தக் கட்டத்தைக் கறுப்பாக்கிவிட்டு வந்தேன். ஜூலை 21, ஞாயிற்றுக்கிழமை, அப்போது அதிபராக இருந்த பைடன் போட்டியிலிருந்து விலகிக்கொண்டு தன் துணை அதிபர் கமலா ஹாரிஸை ஆதரித்தார். தோழி அன்று மாலை என்னைக் கூப்பிட்டு, "யாருக்கென்று ஜெயித்தேனோ அவரே இல்லையே, இப்போது நான் யாருடைய ஆள்?" என்று கேட்டார். ஒரு மாதத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது. விருந்தினர் அட்டை ஒன்று எனக்கும் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். மாநாடு தொடங்கும் முன்பே வேட்பாளர் முடிவாகிவிட்டார். ஒஹாயோ மாநிலத்து வாக்குச்சீட்டில் பெயர் சேர்க்கும் கெடுவைக் காரணம் காட்டி, ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே பிரதிநிதிகள் இணையம் வழியாக வாக்களித்து முடித்துவிட்டார்கள். வாக்களித்தவர்களில் 99 விழுக்காடு கமலாவுக்கு. பிறகு எதற்கு நான்கு நாள் கூத்து என்று வீட்டில் கேட்டார்கள். தேர் கடைசியில் நிலைக்குத்தான் வந்து சேரும் என்பது ஊருக்கே தெரியும். அதற்காக யாராவது வடம் பிடிக்கப் போகாமல் இருக்கிறார்களா?

சஸ்பென்ஸ் வேண்டும் என்பவர்கள் நூறு வருஷம் முன்பு பிறந்திருக்க வேண்டும். 1924-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் இதே கட்சி 103 சுற்று வாக்களித்துத்தான் ஜான் டேவிஸ் என்பவரை வேட்பாளராக்கியது. பிரதிநிதிகள் கையிருப்புக் கரைந்து, வேர்த்து விறுவிறுத்து, ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்ளாத குறையாக வெளியே வந்தார்கள். தேர்தலில் டேவிஸ் தோற்றும் போனார். ஒன்றுக்கு மேற்பட்ட சுற்று கடைசியாக நடந்தது 1952-ல், இதே சிகாகோவில். அத்லாய் ஸ்டீவன்சன் மூன்றாம் சுற்றில் தேர்வானார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநாட்டிலும் முதல் சுற்றோடு சரி.

சிகாகோவுக்கும் மாநாட்டுக்கும் உள்ள உறவு சாதாரண உறவில்லை. இரண்டு கட்சிகளையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் இந்த ஊர் நடத்திய அளவுக்கு வேறெந்த ஊரும் நடத்தியதில்லை. 1860-ல் விக்வாம் என்ற அவசரமாகக் கட்டிய மரக் கொட்டகையில்தான் குடியரசுக் கட்சி ஆபிரகாம் லிங்கனைத் தேர்ந்தெடுத்தது. அதுவும் மூன்றாம் சுற்றில். வேட்பாளர் மாநாட்டுக்கே நேரில் வந்து ஏற்புரை சொல்வது என்ற வழக்கமும் இங்கே பிறந்ததுதான். அதற்கு முன் வேட்பாளர் வீட்டில் உட்கார்ந்திருப்பார், சேதி போய்ச் சேரும். 1932-ல் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அந்த மரபைத் தூக்கிப் போட்டுவிட்டு விமானம் பிடித்துச் சிகாகோ வந்து இறங்கினார்.

1968-ஐச் சொல்லாமல் விட முடியாது. வியட்நாம் போரை எதிர்த்து வந்த இளைஞர்களை மிச்சிகன் அவென்யூவில் போலீஸ் அடித்த அடி தொலைக்காட்சி வழியாக நாடு முழுக்கத் தெரிந்தது. மண்டபத்துக்குள் ஹியூபர்ட் ஹம்ப்ரி, ஒரு பிரைமரி தேர்தலில்கூடப் போட்டியிடாமல், தலைவர்களின் தயவில் வேட்பாளரானார். அந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் விதிகளை மாற்றினார்கள். பிரதிநிதிகளை மக்கள் வாக்கு தீர்மானிக்கும் முறை வலுப்பெற்றது, மூடிய அறைப் பேரம் ஒடுங்கியது. இன்றைக்கு மாநாட்டில் பரபரப்பு இல்லை என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு இதுதான் என் பதில். பரபரப்பு வெளியே, வாக்குச்சாவடிக்குப் போய்விட்டது. அங்கேதானே இருக்க வேண்டும்?

சரி, உள்ளே போவோம். யுனைட்டெட் சென்டர் என்பது சிகாகோ புல்ஸ் கூடைப்பந்து அணியின் கோட்டை. மைக்கேல் ஜோர்டன் பறக்கும் சிலை அங்கேதான் இருக்கிறது. 1996-ல் பில் கிளிண்டனை இரண்டாம் முறை வேட்பாளராக அறிவித்த மாநாடும் இங்கேதான் நடந்தது. அந்த வருஷம் பிரதிநிதிகள் எல்லாம் மக்கரேனா ஆடிய காட்சியைப் பழைய காணொளிகளில் பார்த்துச் சிரிக்கலாம். பாதுகாப்பு வளையத்தைத் தாண்டி உள்ளே போவதற்குள் நாக்கு தள்ளிவிட்டது. பேருந்துக்கு ஒரு வரிசை, பை சோதனைக்கு ஒரு வரிசை, பிறகு எதற்கென்றே தெரியாத இன்னொரு வரிசை. எனக்குக் கிடைத்த இடம் கூரைக்குப் பக்கத்தில். மேடையில் நிற்பவர் கட்டைவிரல் அளவுதான் தெரிவார். ஆனால் அந்த உயரத்திலிருந்துதான் முழு அரங்கும் தெரியும். கீழே கூடைப்பந்துத் தரையில் மாநிலம் மாநிலமாகப் பிரதிநிதிகள். விஸ்கான்சின்காரர்கள் தலையில் மஞ்சள் பாலாடைக்கட்டித் தொப்பி. டெக்சஸ்காரர்கள் கௌபாய் தொப்பி. அறுபதைத் தாண்டிய ஒருவர் உடல் முழுக்க நட்சத்திரமும் கோடுமாகக் கோட்டு தைத்துப் போட்டிருந்தார், நான்கு நாளும் அதையேதான் போட்டார். நிறையப் பேர் சட்டையில் தென்னை மர வில்லை. 'என்ன, தென்னை மரத்திலிருந்து பொத்தென்று விழுந்தாய் என்று நினைப்பா?' என்று தன் அம்மா திட்டுவார் என கமலா ஒருமுறை சிரித்துக்கொண்டே சொல்லப்போய், அது இணையத்தில் காட்டுத்தீயாகி, கடைசியில் சின்னமாகவே ஆகிவிட்டது. மெட்ராஸில் பிறந்த ஓர் அம்மாவின் வசவை நெப்ராஸ்காக்காரர் நெஞ்சில் குத்திக்கொண்டு திரிகிறார் என்பதில் எனக்கு ஏற்பட்ட பூரிப்பைச் சொல்லி மாளாது.

பதாகை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், தொலைக்காட்சியில் இது தெரியாது. ஒவ்வொரு பெரிய பேச்சாளர் வருவதற்கும் சில நிமிஷம் முன்பு தொண்டர்கள் கட்டுக்கட்டாகப் பதாகைகளை வரிசை வரிசையாகக் கடத்துவார்கள். கை மாறி கை மாறி அரங்கு முழுக்கப் போய்விடும். பேச்சாளர் மேடையேறும் நொடியில் ஆயிரக்கணக்கான கைகள் ஒரே சமயத்தில் எழும். பைடனுக்கு ஒன்று, துணை அதிபர் வேட்பாளர் வால்ஸுக்கு ஒன்று, கமலாவுக்கு நீளவாக்கில் ஒன்று. ஏற்பாடு செய்யப்பட்ட உற்சாகம்தானே என்று உதட்டைப் பிதுக்கலாம். பிதுக்கிக்கொண்டு நானும்தான் உட்கார்ந்திருந்தேன். பதாகை என் கைக்கு வந்ததும் எழுந்து நின்று கத்தினேன்.

திங்கள் இரவு பைடனுக்கு. நடுவில் யாரும் எதிர்பாராமல் கமலாவே மேடைக்கு வந்து, அவருக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். சிவில் உரிமைப் போராளி ஜெஸ்ஸி ஜாக்சனைச் சக்கர நாற்காலியில் மேடைக்கு அழைத்து வந்தார்கள். 1984-லும் 1988-லும் இதே கட்சியின் வேட்பாளராக முயன்றவர், சிகாகோவைத் தன் ஊராக்கிக்கொண்டவர். அவர் கட்டைவிரலை உயர்த்தியபோது என் வரிசையில் இருந்த ஒரு கறுப்பினப் பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். நிகழ்ச்சி இழுத்துக்கொண்டே போனதில் பைடன் பேச வர இரவு பத்தரை ஆகிவிட்டது. கிழக்குக் கடற்கரையில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். ஐம்பது வருஷம் பொதுவாழ்வில் இருந்தவருக்கு இன்னும் நல்ல நேரம் ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அவர் வந்து நின்றதும் எழுந்த கைத்தட்டல் அடங்க வெகுநேரமானது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே இலினாய் வரிசையில் தோழியும் துடைத்துக்கொண்டிருந்ததாக அப்புறம் சொன்னார்.

இனி செவ்வாய். மாநாட்டில் ஒரே ஓர் இரவுதான் பார்க்க முடியும் என்றால் நான் கமலாவின் இரவைக்கூட விட்டுக்கொடுத்துவிட்டு இந்த இரவைத்தான் எடுத்துக்கொள்வேன். காரணம், ரோல் கால்.

ரோல் கால் என்பது மாநிலம் மாநிலமாகப் பெயர் கூப்பிட்டு வாக்கைச் சொல்லச் சொல்வது. மைக் வந்ததும் ஒவ்வொரு மாநிலமும் முதலில் தன் பெருமையைப் பாடும். எங்கள் ஏரி, எங்கள் சோளம், எங்கள் விமானத் தொழிற்சாலை, எங்கள் ஊரில் பிறந்த இன்னார். பிறகுதான் இத்தனை வாக்குகள் இன்னாருக்கு என்று சொல்வார்கள். பழைய மாநாட்டுக் காணொளிகளில் இது சற்று அலுப்புத்தட்டும். 2020-ல் கொரோனாவால் அரங்கம் கூடாமல் மாநிலத்துக்கு மாநிலம் படம்பிடித்து ஓட்டினார்கள். அதில் ரோட் ஐலண்ட்காரர் ஒருவர் கணவாய் மீன் வறுவல் தட்டோடு வந்து நின்றது மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது. 2024-ல் வாக்குகள்தான் முன்பே எண்ணி முடிந்துவிட்டனவே, இனி இது சடங்குதானே, சடங்கென்றால் கொண்டாட்டமாகவே செய்துவிடுவோம் என்று யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். டிஜே காசிடியை மேடையில் நிறுத்தி, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு பாட்டு ஒதுக்கிவிட்டார்கள்.

முதலில் டெலவேர், அது பைடனின் மாநிலம் என்பதால் மரியாதைக்கு. பிறகு அலபாமாவில் தொடங்கி அகர வரிசை. பாட்டு ஒலிக்கிறது, அந்த மாநிலத்தின் மேல் விளக்கு விழுகிறது, அங்கே இருக்கிற பாட்டியும் தாத்தாவும் தொழிற்சங்கக்காரரும் மேயரும் ஆடுகிறார்கள். வாக்குச் சொல்கிறார்கள். அடுத்த பாட்டு. மிச்சிகனுக்கு எமினெம். நியூஜெர்சிக்கு புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன், அவரை விட்டால் வேறு யார்? டென்னஸிக்கு டாலி பார்ட்டன். விஸ்கான்சின் பாட்டுக்கு மொத்த அரங்கும் குதித்ததில் என் நாற்காலி அதிர்ந்தது. இலினாய் முறை வந்தபோது ஒலித்தது, ஜோர்டன் காலத்திலிருந்து புல்ஸ் வீரர்களை இதே அரங்கில் அறிமுகப்படுத்தும்போது ஒலிக்கிற இசை. சிகாகோக்காரர்கள் எழுந்து நின்று போட்ட கூச்சலில் ஆளுநர் பிரிட்ஸ்கர் என்ன சொன்னார் என்பதே எனக்குக் கேட்கவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

ஜார்ஜியாவுக்கு வருகிறேன். பாட்டு தொடங்கியதும் லில் ஜான் என்ற ராப் பாடகர் நேரில், வெள்ளை உடுப்போடு, படிக்கட்டு நடுவே கூட்டத்துக்குள்ளிருந்து பாடிக்கொண்டே இறங்கி வருகிறார்! என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஐயோவா விவசாயி ஒருவர், அதுவரை கையைக் கட்டிக்கொண்டு கணக்கு வாத்தியார் தோரணையில் இருந்தவர், எழுந்து இரண்டு கையையும் மேலே போட்டுக்கொண்டு ஆடினார். ராப் பாட்டு எனக்கு என்றைக்கும் ஆகாது. நானும் ஆடினேன்.

அந்தக் கும்மாளத்தின் நடுவே டெக்சஸ் முறை வந்தபோது மைக்கைப் பிடித்தவர்களில் கேட் காக்ஸ் ஒருவர். வயிற்றுக் குழந்தை பிழைக்காது என்று தெரிந்தும் டெக்சஸ் சட்டம் கருக்கலைப்புக்கு அனுமதிக்காததால் நீதிமன்றம் ஏறி, 2023 டிசம்பரில் மாநிலத்தை விட்டே வெளியேற வேண்டிவந்த பெண். தான் மறுபடி கருவுற்றிருப்பதாகவும், ஜனவரியில் குழந்தை பிறக்கும் என்றும் அவர் சொன்னபோது ஒரு விநாடி அமைதி, பிறகு கூரை பிளந்தது. அரைமணி நேரப் பேச்சு எதுவும் செய்யாததை அந்த இரண்டு வாக்கியம் செய்தது. ரோல் காலின் அழகே இதுதான். மேடையில் நிற்பவர் எழுதி வைத்துப் படிக்கிறார். கீழே மைக் பிடிப்பவருக்குக் கிடைப்பது சில நொடிகள், அதற்குள் தன் ஊரையும் தன் வாழ்க்கையையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் மினசோட்டா, வேட்பாளர் வால்ஸின் மாநிலம், பிரின்ஸ் பாட்டோடு. அதற்கும் கடைசியில் கலிபோர்னியா, கமலாவின் மாநிலம். ஆளுநர் நியூசம் வாக்குகளைச் சொல்லி முடித்ததும் பெரிய திரையில் கமலா! சுமார் 150 கிலோமீட்டர் தள்ளி மில்வாக்கியில், ஒரு மாதம் முன்பு டிரம்பைக் குடியரசுக் கட்சி வேட்பாளராக அறிவித்த அதே பைசர்வ் போரம் அரங்கை நிரப்பி, அங்கே கூட்டம் போட்டுக்கொண்டிருந்தார். எதிராளியின் கூடாரத்தில் அவர், எங்கள் கூரைக்குக் கீழே நாங்கள், இரண்டு அரங்கும் ஒரே சமயத்தில் கத்துகின்றன. அரசியல் சாமர்த்தியம் என்றால் இது.

அதே இரவில்தான் ஒபாமா தம்பதியும் பேசினார்கள். மிஷெல் பேசியது பராக்கைவிட நன்றாக இருந்தது, இதைப் பராக்கே மேடையில் ஒப்புக்கொள்கிற தொனியில்தான் பேச்சைத் தொடங்கினார். 2004-ல் பாஸ்டன் மாநாட்டில் இலினாய் மாநில செனட்டராக இருந்த ஓர் இளைஞர் பேசிய ஒரே பேச்சுதான் அவரை நான்கே வருஷத்தில் வெள்ளை மாளிகைக்குக் கொண்டுபோனது. மாநாடு வெறும் வேடிக்கை என்பவர்கள் அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளட்டும்.

புதன் இரவைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், தொண்டை அதற்குள் போய்விட்டது. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கியவர் மிண்டி கேலிங், தமிழ்த் தகப்பனாரின் மகள், முழுப் பெயரில் சொக்கலிங்கம் இருக்கிறது. கமலாவோடு சேர்ந்து மசாலா தோசை சுட்ட அவருடைய பழைய காணொளியை நம் ஆட்கள் பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். ஸ்டீவி வொண்டர் பாடினார். ஓப்ரா வின்ஃப்ரி முன்னறிவிப்பில்லாமல் வந்தார். டிம் வால்ஸ் பேசுவதற்கு முன், மங்காட்டோ பள்ளியில் அவர் பயிற்சி கொடுத்த அமெரிக்கக் கால்பந்து அணியின் பழைய மாணவர்கள், தொப்பைக்குப் போதாத பழைய ஜெர்சிகளை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையேறினார்கள். அவர் பேசும்போது மகன் அழுதுகொண்டே எழுந்து, "அது என் அப்பா!" என்று கை நீட்டினான். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் துணை அதிபர் வேட்பாளராக நிற்பதைப் பார்த்துத் தோழிக்கு ஏற்பட்ட பெருமை, இன்றுவரை இறங்கவில்லை.

வெளியே இன்னொரு மாநாடு நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பொய். காஸா போரை நிறுத்தச் சொல்லி யூனியன் பார்க்கிலிருந்து ஊர்வலங்கள். பிரைமரியில் யாருக்கும் இல்லை என்று வாக்குப் பெற்று வந்த முப்பது பேரளவிலான பிரதிநிதிகள், பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவருக்கு மேடையில் சில நிமிஷம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கொடுக்கவில்லை. புதன் இரவு அவர்கள் அரங்குக்கு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். காஸாவில் பணயக் கைதியாக இருந்த இளைஞன் ஒருவனின் பெற்றோர் அதே இரவு மேடையில் பேசி எங்களை எல்லாம் அழவைத்தார்கள். பாலஸ்தீனப் பக்கத்துக்கும் ஐந்து நிமிஷம் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? நான்கு நாளில் எனக்கு உண்மையாகவே கோபம் வந்த இடம் அது ஒன்றுதான்.

வியாழன். அரங்கு முழுக்க வெள்ளை. பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தின் நினைவாக வெள்ளை உடுத்தி வரவேண்டும் என்று பேச்சு பரவி, மேலிருந்து பார்த்தால் பிரதிநிதிகள் பகுதியே வெளுத்துக் கிடந்தது. நானும் வெள்ளைப் பருத்திப் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். உள்ளே வந்தவர்கள் வந்ததுதான். கொள்ளளவு நிறைந்துவிட்டது என்று கதவை அடைத்துவிட்டார்கள், அட்டை கையில் இருந்தும் வெளியே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. நான் நான்கு மணிக்கே போய் உட்கார்ந்து, சோளப்பொரியையே இரவுச் சாப்பாடாக்கிக்கொண்டேன். சைவக்காரர்களுக்கு அந்த அரங்கத்தில் வேறு கதியும் இல்லை.

தேதியைக் கவனியுங்கள், ஆகஸ்ட் 22. சரியாக 60 வருஷம் முன்பு, 1964 ஆகஸ்ட் 22 அன்று, அட்லாண்டிக் சிட்டியில் இதே கட்சியின் மாநாட்டுக் குழு முன்னால் ஃபேனி லூ ஹேமர் என்ற மிசிசிப்பிப் பெண் உட்கார்ந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போனதற்காகத் தன்னைத் தோட்டத்திலிருந்து விரட்டியதையும், சிறையில் வைத்து அடித்ததையும் சொன்னார். அவரையும் அவரோடு வந்த கறுப்பினப் பிரதிநிதிகளையும் முறையான பிரதிநிதிகளாகக் கட்சி உட்காரவைக்கவில்லை. 1972-ல் ஷெர்லி சிஸம் அதிபர் வேட்பாளராக முயன்றார். 1984-ல் ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் வேட்பாளரானார். 2016-ல் ஹிலாரி கிளிண்டன் அதிபர் வேட்பாளரானார். இப்போது, ஒரு பெரிய கட்சியின் அதிபர் வேட்பாளராக முதல் கறுப்பினப் பெண், முதல் இந்திய வம்சாவளியினர். என் முன் வரிசையில் அலபாமாவிலிருந்து வந்த மூன்று மூதாட்டிகள் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹேமர் பேசியபோது அவர்களுக்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருந்திருக்கும்.

நடிகை கெர்ரி வாஷிங்டன் கமலாவின் தங்கை வழிப் பேத்திகள் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பொடிசுகள் இரண்டும் அரங்கை இரண்டாகப் பிரித்து, இந்தப் பக்கம் "கமா", அந்தப் பக்கம் "லா" என்று கத்தவிட்டுப் பெயரை உச்சரிக்கப் பாடம் எடுத்தன. இருபதாயிரம் பேர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் வெற்றிலை போட்ட வாயோடு சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டிருந்தேன். பாடகி பிங்க் மகளோடு பாடினார். பியான்சே வரப்போகிறார் என்று அன்று முழுக்க ஒரே வதந்தி. வரவில்லை. வந்திருந்தால் கூரை தாங்கியிருக்காது.

ஒன்பதரை மணியளவில் கமலா வந்தார். எல்லோரும் வெள்ளையில் இருக்க அவர் மட்டும் கருநீல சூட். பேச விடாமல் கைத்தட்டிக்கொண்டே இருந்தோம். அவர் திரும்பத் திரும்ப நன்றி சொல்லி, உட்காருங்கள், வேலையைப் பார்ப்போம் என்று கெஞ்சாத குறை. அன்று அவருக்குப் பத்தாவது திருமண நாள், கணவருக்கு வாழ்த்துச் சொல்லித்தான் தொடங்கினார். அப்புறம் அம்மா. பத்தொன்பது வயதில் தன்னந்தனியாக இந்தியாவிலிருந்து கலிபோர்னியாவுக்கு வந்த சியாமளா, மார்பகப் புற்றுநோயைக் குணப்படுத்தும் விஞ்ஞானியாக வேண்டும் என்ற கனவோடு வந்த சியாமளா. 1958-ல் பெர்க்கிலிக்கு வந்து, அதே துறையில் ஆராய்ச்சி செய்து, 2009-ல் மறைந்தவர். அவர் அஸ்தியைக் கமலா சென்னைக் கடலில்தான் கரைத்தார். 2020-ல் துணை அதிபர் வேட்பாளராகப் பேசியபோது சித்திகளை நினைவுகூர்ந்த அதே கமலா இந்த முறை அம்மாவின் கண்டிப்பைச் சொல்லிச் சிரிக்க வைத்தார், அழவும் வைத்தார்.

அப்போது திருச்சியில் வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடி இது, காது கிழியுது?"

"அம்மா, நான் உள்ளே இருக்கேன். கமலா பேசிட்டு இருக்காங்க. கேட்குதா?"

"டிவிலயும் அதான் ஓடுது. மன்னார்குடிப் பக்கத்துப் பொண்ணுல்ல? நல்லா நிமிர்ந்து நிக்கிறா. நீ சாப்டியா?"

மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் என்ற கிராமம் கமலாவின் தாத்தா பி.வி. கோபாலனின் பூர்வீகம். அங்கே தர்மசாஸ்தா கோயிலின் நன்கொடையாளர் கல்வெட்டில் கமலாவின் பெயரும் இருக்கிறது. அன்று அந்த ஊரையும் ஐயோவா விவசாயியையும் அலபாமா மூதாட்டிகளையும் ஒரே நூலில் கோத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள் அந்த அரங்கில் நான் ஒருத்தியாவது இருந்தேன்.

முக்கால் மணி நேரம்கூடப் பேசவில்லை. குற்றவியல் வழக்கறிஞர் நீதிமன்றத்தில் வாதத்தை அடுக்குவதைப் போலவே அடுக்கினார், வீண் சொல் இல்லை. முடித்ததும் கூரையிலிருந்து பலூன். ஒரு லட்சம் பலூன் என்று சொன்னார்கள். சிவப்பு, வெள்ளை, நீலம். விழுந்துகொண்டே இருந்தன. மேடையில் ஆளுயரப் பலூன் ஒன்றை வால்ஸ் தட்டிவிட, கீழே செனட்டர்களும் ஆளுநர்களும் சின்னப் பிள்ளைகளாகப் பலூன் உதைத்தார்கள். மேல்தளத்துக்கு ஒரு பலூன்கூட வரவில்லை. கீழே இறங்கி ஓடிப்போய் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தேன். பார்க்கிங் போவதற்குள் வெடித்துவிட்டது.

நவம்பர் 5 என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். டிரம்ப் 312, கமலா 226. அந்த இரவு அடித்த அடியில் தோழி ஒரு வாரம் போனை எடுக்கவில்லை. அப்படியானால் அந்த நான்கு நாள் வீணா என்று கேட்கிறார்கள். ஏன் வீண்? மாநாட்டின் வேலை ஜெயிக்க வைப்பது இல்லை. அது தெருத்தெருவாக, வீடு வீடாக நடக்கிற வேலை. ஐம்பது மாநிலங்களிலிருந்தும் சொந்தச் செலவில் விமானமும் ஓட்டலும் பிடித்து வந்த ஆசிரியைகளும் செவிலியர்களும் தொழிலாளர்களும் ஒரே கூரைக்குக் கீழே தங்கள் ஊர்ப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா?

2028-ல் இரண்டு கட்சிகளுக்கும் மறுபடி மாநாடு வரும். கட்சி பார்க்க வேண்டாம். நீங்கள் இருக்கும் ஊரிலோ பக்கத்து ஊரிலோ எது நடந்தாலும் தொண்டராகப் பெயர் கொடுங்கள், தெரிந்தவர் யாராவது பிரதிநிதியாக இருந்தால் இப்போதே நட்பைப் பலப்படுத்திக்கொள்ளுங்கள். ரோல் கால் இரவுக்குத்தான் அட்டை கேளுங்கள், மற்றதை எல்லாம் டிவியில் பார்த்துக்கொள்ளலாம். பை சின்னதாக இருக்கட்டும், மதியமே வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள், செருப்பு மட்டும் நல்லதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.